பில்ட் லாக்கின் வாயும் கடாரத்து மெய்க்கீர்த்தியும்

நிரலைக் கட்டும்போது கணினி எவ்வளவு பேசலாம் என்ற வினாவை அறிஞர் உலகம் இதுவரை உரிய மரியாதையோடு அணுகியதில்லை. அக்குறையை நீக்கும் பொருட்டு, கூலிம் ஹைடெக் பூங்காவில் ஓர் அலுவலகத்திலும் சுங்கைப்பட்டாணியில் ஒரு மாமாக் கடையிலுமாக மூன்று வாரம் செய்த கள ஆய்வு இது. நிதியுதவி கிடைக்கவில்லை. தே தாரிக் என் சொந்தச் செலவு.

நீட்டி முழக்கிப் பதிவு செய்வது இம்மண்ணுக்குப் புதிதல்ல. 1025-இல் கடாரம் கொண்ட ராசேந்திர சோழனின் மெய்க்கீர்த்தியையே பாருங்கள். கோயிலுக்கு என்ன கொடுத்தார்கள் என்று தெரிந்துகொள்ளப் போனவன், வென்ற ஊர்களை எல்லாம் வாசித்து முடித்தாக வேண்டும். ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர் என்று நீளும் கடல்கடந்த பட்டியலில் எங்கள் கடாரம், அதாவது இன்றைய கெடா, வருவது கடைசியில். ஆனால் கடாரத்து அரசன் பிடிபட்டது அந்தப் பட்டியல் தொடங்கும் முன்பே வந்துவிடுகிறது. நிரலைக் கட்டும்போது கணினி எழுதும் பில்ட் லாக்கின் இலக்கணமும் இதுவே. கடைசி வரி தோற்றதை மட்டும் சொல்லும். பிடிபட வேண்டியவன் பல நூறு வரிக்கு மேலே, முதல் பிழையில் உட்கார்ந்திருப்பான். புதிதாக வேலைக்கு வந்த பையன்கள் கடைசி வரியை மட்டும் படமெடுத்து வாட்சப்பில் அனுப்புகிறார்கள். மெய்க்கீர்த்தி படிக்காத தலைமுறை.

1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதிய மேக் என்ற கட்டும் கருவி, ஒவ்வொரு கட்டளையையும் வாய்விட்டுச் சொல்லிவிட்டுத்தான் செய்யும். வரிக்கு முன் @ குறி போட்டால் சத்தமில்லாமல் செய்யும். பின்னால் வந்தவர்கள் திரை அழகாக இருக்கட்டும் என்று வாயை அடைத்தார்கள். வேண்டும்போது திறக்க வெர்போஸ் என்றொரு மாறியையும் வைத்தார்கள்.

லினக்சிலும் மெக்கிண்டாஷிலும் வெர்போஸ்=1 என்று எழுதி அதே வரியில் மேக்கைக் கூப்பிட்டால் வேலை முடிந்தது. விண்டோசின் கறுப்புச் சாளரத்தில் அப்படி எழுதினால், வெர்போஸ் என்ற பெயரில் ஒரு நிரலைத் தேடிப்போய், அப்படி யாருமில்லை என்று திரும்பிவரும். அங்கே 'செட்' போட வேண்டும். போட்டேன்: செட் வெர்போஸ்=1, ஓர் இடைவெளி, இரண்டு & குறி, பிறகு பில்ட் கட்டளை. லாக் வாய் திறக்கவில்லை. ஒரு பகல் முழுக்கப் போனபின் தெரிந்தது, & குறிக்கு முன்னால் நான் விட்ட இடைவெளியையும் செட் மதிப்போடு சேர்த்து விழுங்கியிருக்கிறது. எங்கள் ஸ்கிரிப்ட் எதிர்பார்த்தது '1'. கிடைத்தது '1 '. பீடோங் பக்கத் தோட்டத்தில் கிராணியாக இருந்த தாத்தா பத்து நிமிடத்தில் பிடித்திருப்பார். செக்ரோலில் மூன்று முனியம்மாக்களைத் தலையெழுத்தை மட்டும் வைத்துப் பிரித்துக் கூலி போட்டவர்.

பல வேலைகளை ஒன்றாக ஓடவிட்டாலோ, ஒருவன் வாக்கியத்தின் நடுவில் இன்னொருவன் புகுந்து பேசுவான். தோட்டத்தின் விடியற்காலைப் பெரட்டில் கங்காணி அதை விடுவாரா? பெயர் கூப்பிட்டவர்தான் வாய் திறக்கலாம். குனூ மேக் இந்த ஒழுங்கை 2013-இல், 4.0 பதிப்பில்தான் கற்றது: கேட்டுக்கொண்டால், ஒவ்வொரு வேலையின் பேச்சையும் சேர்த்துவைத்து முடிந்தபின் கொட்டும். நிஞ்சா என்ற இன்னொரு கட்டும் கருவி கேட்காமலே அப்படி.

ஆய்வின் பரிந்துரை: மாறியைத் தலைமுழுகுங்கள். இவற்றை மேலிருந்து ஏவும் சிமேக்கின் 3.14 பதிப்பு முதல், அதன் பில்ட் கட்டளையோடு வெர்போஸ் விருப்பத்தைச் சேர்த்தால், கீழே இருப்பது மேக்கோ நிஞ்சாவோ, அதற்குப் புரியும் விதத்தில் சிமேக்கே எடுத்துச் சொல்லும். எந்தச் சாளரமானாலும் ஒரே வரி.

அப்படித்தான் கடைசியில் விண்டோசில் லாக் வாய் திறந்தது. மேலே போய் முதல் பிழையைப் பார்த்தேன். ஃபோல்டர் பெயரின் நடுவில் ஓர் இடைவெளி. அந்தப் பெயரை வைத்தவர் யார் என்பது இவ்வாய்வின் எல்லைக்குள் வராது. என் மேலதிகாரியிடமும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்.