டிராக்டருக்கு இன்ஜின் மாற்ற இயலாது: சத்வாவிலிருந்து ஒரு நிறுவல்

துபாயின் சத்வாவில் உழுவதற்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. செடிக்கடைத் தெருவில் தொட்டியோடு விற்கும் மண்தான் அவ்வட்டாரத்தின் மொத்தச் சாகுபடிப் பரப்பு. டிராக்டரைப் பற்றி விருப்பு வெறுப்பின்றி ஆராய இதைவிடத் தோதான இடம் அமையாது. ஆயினும் இவ்வாய்வு வெறும் அறிவுப் பசிக்கானதன்று. ஊரில் நிற்கும் பழைய மேசி ஃபெர்குசன் டிராக்டர் ஒன்று புகை கக்கத் தொடங்கினால், அந்தப் புகை முதலில் சென்று சேருமிடம் சத்வாவில் பெட் ஸ்பேஸ் எடுத்துத் தங்கியிருக்கும் தம்பியின் வாட்ஸ்அப்தான்: "இன்ஜின் மாத்தணும்டா, பணம் அனுப்பு." இக்கோரிக்கை தர்க்கப்படி செல்லுமா என்பதே ஆய்வுப் பொருள். செல்லாது என்பது நம் துணிபு. பழைய டிராக்டருக்கு இன்ஜின் மாற்றுதல் என்றொரு செயல் உலகில் இல்லை. அப்பெயரால் நடப்பவை இரண்டே: ஒன்று, இன்ஜினை மாற்றாமல் அதற்கு வேலை பார்ப்பது, மற்றொன்று, டிராக்டரையே மாற்றுவது.

முதற்கண் உடற்கூறு. லாரிக்குச் சேசிஸ் உண்டு. இன்ஜின் அதன்மேல் குடியிருக்கிறது. செயின் பிளாக் கட்டித் தூக்கிவிட்டாலும் லாரி லாரியாகவே நிற்கும். டிராக்டர் அவ்வாறன்று. 1917-இல் உற்பத்திக்கு வந்த ஹென்றி ஃபோர்டின் ஃபோர்ட்சன் தனிச் சட்டகத்தை விலக்கிய அமைப்பைப் பரவலாக்கியது. ஹாரி ஃபெர்குசனின் டி.இ.20, அதன் வழிவந்த மேசி 35 ஆகியவையும் அவ்வழியினவே. இன்ஜின், கியர்பாக்ஸ், பின் ஆக்ஸில் மூன்றும் போல்ட்டால் ஒன்றோடொன்று பிணைந்து தாமே முதுகெலும்பாகின்றன. முன் ஆக்ஸில் இன்ஜினின் முன்முகத்தைப் பற்றி நிற்கிறது. கிளட்ச் பிளேட் மாற்றவே வண்டியை நடுவில் பிளக்க வேண்டும். இன்ஜினையே எடுத்துவிட்டாலோ முன்சக்கரங்கள் ஒருபுறம், கட்டையும் ஜாக்கியும் தாங்கும் பின்பாதி மறுபுறம். அவ்வமயம் டிராக்டர் எங்கே எனின், மெக்கானிக்கும் விடை பகரார். எதை நீக்கினால் எதுவும் எஞ்சாதோ அதுவே அப்பொருள் என்க.

உற்பத்தியாளர் சாட்சியமும் இதற்கு அரணாகிறது. 1946-இல் டி.இ.20 அமெரிக்கக் கான்டினென்டல் இன்ஜினோடு வெளிவந்தது. ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் பெட்ரோல் இன்ஜின் ஏறியதும் அது டி.இ.ஏ.20 ஆயிற்று, 1951-இல் டீசல் வந்ததும் டி.இ.எஃப்.20 ஆயிற்று. அதே பானெட், அதே சாம்பல் நிறம். ஆயினும் இன்ஜின் மாறியபோது பெயரும் மாறியது. மாறாக, எட்மண்ட் ஹிலாரியின் குழு 1958 ஜனவரி 4 அன்று தென் துருவத்தை அடைந்த வண்டிகள், சக்கரங்களைச் சுற்றிப் பட்டை மாட்டியிருந்தும் ஃபெர்குசன் என்றே அறியப்பட்டன. மேசி 35 கதையும் இன்ஜினால் அடையாளம் மாறிய கதையே. குளிரில் முக்கி முனகிய நான்கு சிலிண்டர் டீசலை விட்டு, 1959 இறுதியில் பெர்கின்ஸ் மூன்று சிலிண்டர் வந்தது. இன்றும் பழைய டிராக்டர் பிரியர்கள் அவ்விரண்டையும் இரு வேறு சாதியாகவே நடத்துகின்றனர்.

இங்கே எதிர்வாதி எழுவார்: "வண்டியின் அடையாளம் காகிதத்தில் உள்ளது. அமீரகப் பதிவட்டையான முல்கியாவிலும் நம்மூர் ஆர்.சி. புத்தகத்திலும் சேசிஸ் எண் இருக்கிறதே?" இருக்கிறது. ஆனால் அது சேசிஸே இல்லாத பொருளுக்கு அளிக்கப்பட்ட சேசிஸ் எண். டி.இ.20-இல் வரிசை எண் டேஷ்போர்டுத் தகட்டில் இருக்கிறது. இன்ஜின் எண்ணோ வார்ப்பிலேயே குத்தப்பட்டிருக்கிறது. தகட்டைக் கழற்ற ஒரு ஸ்க்ரூடிரைவர் போதும். இரண்டாம் எதிர்வாதி சத்வாவின் கார் அலங்காரக் கடைகளைக் காட்டி, "சீட் கவரும் கண்ணாடி ஃபிலிமும் மாற்றினாலே வண்டி புதிதாகிவிடுகிறதே" என்பார். அங்கே புதிதாவது உரிமையாளரின் மனம். பானெட்டுக்குக் கீழே நேற்றைய சத்தம்தான். மூன்றாமவரின் வாதமே கனமானது: "லைனர், பிஸ்டன், ரிங், பேரிங் எல்லாவற்றையும் மாற்றினால் அதுவும் புது இன்ஜின்தானே?" அன்று. ஃபெர்குசனின் ஸ்டாண்டர்டு இன்ஜினில் லைனர்கள் உருவி எடுக்கும்படியே அமைந்தவை. தேய்வதற்கென்றே படைக்கப்பட்டவை தேய்ந்தபின் மாறுவது மாற்றமாகாது, பராமரிப்பு. பிளாக் நிலைத்திருக்கும்வரை டிராக்டரும் நிலைத்திருக்கிறது.

ஆகவே, சத்வாவாழ் தம்பிமார்களே, பணம் அனுப்புமுன் அண்ணனிடம் புகையின் நிறத்தைக் கேளுங்கள். கறுப்பு எனில் ஏர் ஃபில்டரையும் நாசிலையும் பார்க்கச் சொல்லுங்கள், செலவு சிறிது. நீலம் எனில் இன்ஜின் ஆயில் எரிகிறது; ரிங்கும் லைனரும் பார்க்க வேண்டியிருக்கலாம்; லேத் பட்டறைச் செலவை மறுக்காமல் அனுப்புங்கள். "பிளாக்கே போச்சு, முழு இன்ஜினும் வேணும்" என்றால், அண்ணன் கேட்பது இன்ஜின் அன்று, இன்னொரு டிராக்டர். அதற்குரிய விலையைப் பேசி, பாதியை அவரையே போடச் சொல்வது தர்க்கத்துக்கும் குடும்ப அமைதிக்கும் நல்லது.