பஞ்சாங்கப் பதிப்பாளர் சமூகத்துக்கு ஒரு பல்லி விண்ணப்பம்

கொற்கை, ஏரல் வட்டம்.

பெருமதிப்பிற்குரிய பஞ்சாங்கப் பதிப்பாளர் அவர்களே,

பல்லி விஷயத்தில் தமிழ்நாட்டின் நிரந்தர அதிகாரம் தாங்கள்தான். தலையில் விழுந்தால் கலகம், நெற்றியில் விழுந்தால் பட்டாபிஷேகம் என்று உறுப்புவாரியாக உத்தரவு போட்டிருக்கிறீர்கள். தோஷம் கண்டவர்கள் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலுக்குப் போய்ப் பொன்பல்லியைத் தொட்டுவிட்டு வருகிறார்கள். விழுந்த பல்லிக்கு அடி பட்டதா என்பதை மட்டும் எந்தப் பதிப்பிலும் காணோம்.

சுவர்ப் பல்லி இனாமாக வந்தவரை அது போகட்டும். இப்போது காசு கொடுத்துப் பல்லி வாங்குகிறார்கள். எங்கள் அக்கா மகன் சென்னையிலிருந்து ‘லெப்பர்டு கெக்கோ’ ஜோடி ஒன்றைப் பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கியிருக்கிறான். மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி. நம் வீட்டுப் பல்லிக்கு இல்லாத இமை இதற்கு உண்டு. பூர்வீகம் ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் பக்கத்து வறண்ட கல்தரை. வந்ததிலிருந்து இரண்டும் இரை எடுக்கவில்லை. கடைக்காரரைக் கேட்டால், “செட் ஆயிரும் சார்” என்கிறார். தங்கள் நூலைப் புரட்டினால், பல்லி சொன்னால் கௌளி பலன் இருக்கிறது. வாயே திறக்காத பல்லிக்கு ஒரு வரிகூட இல்லை.

ஆகவே ஆளாளுக்கு வைத்தியம். பூச்சி தின்னும் பிராணிக்கு மதினி பால்சோறு வைத்தாள். சித்திரை வெயிலில் காயும் எங்கள் தலையில் சூடேற்றும் விளக்கைக் கட்டிவிட்ட அதே கடைக்காரர், தரையில் பரப்ப மணல் பாக்கெட்டும் விற்றிருக்கிறார். தேரிக்காட்டுச் சீமைக்கு மணல் விற்ற அந்த மகராசனுக்கு நெற்றியில் பல்லி விழுந்திருக்க வேண்டும். இரையோடு மணலையும் விழுங்கினால் குடல் அடைத்துக்கொள்ளும் என்பதை அவர் சொல்லவில்லை.

வளர்க்கும் விதம் சொல்லாமல் பிராணியை விற்பது எங்கள் கரைக்குப் பழகிய வியாபாரம்தான். கொற்கையை விட்டுக் கடல் விலகிய பிறகு துறைமுகம் பக்கத்துக் காயலுக்குப் போயிற்று; குதிரைக் கப்பல்கள் அங்கே வந்தன. 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டைப் பற்றிச் சொன்ன மார்க்கோ போலோவின் கணக்கு இது: மன்னர் ஆண்டுக்கு 2000-க்கு மேல் குதிரை வாங்குவார், ஆண்டு முடிவில் 100 கூட மிஞ்சாது. பராமரிக்கத் தெரியாமல், சோற்றையும் இறைச்சியையும் சமைத்துப் போட்டார்களாம். குதிரை வணிகர்கள் வைத்தியரைக் கூட்டி வரமாட்டார்கள், வருகிறவரையும் தடுத்துவிடுவார்களாம். செத்தால்தானே அடுத்த கப்பல்!

சர்க்காரிடம் போகலாமே என்பீர்கள். 2022-இல் வனவிலங்குச் சட்டத்தைத் திருத்தினார்கள். 2024-இல் வந்த விதிப்படி, அருகிவரும் உயிரின வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கைப் பட்டியலில் உள்ள உயிரினத்தை வைத்திருப்பவர் மத்திய அரசின் ‘பரிவேஷ்’ இணையதளத்தில் பதிய வேண்டும். பிறந்தாலும் செத்தாலும் கைமாறினாலும் தகவல் தர வேண்டும். நல்ல விதிதான், கள்ளக்கடத்தலுக்குக் கடிவாளம் வேண்டும். ஆனால் பிறப்புக்கும் இறப்புக்கும் நடுவே பிராணி சாப்பிட்டதா என்பது யார் இலாகா?

எனவே கௌளி பலனுக்கு அடுத்த பக்கத்தில், தங்கள் நடையிலேயே, பின்வருவனவற்றைச் சேர்க்க வேண்டுகிறேன். வால் பருத்திருந்தால் கையிருப்பு உண்டு. புது இடத்தில் சில நாள் பட்டினி தோஷமில்லை. ஒளிய இடமும் தண்ணீரும் கொடுத்து, கையில் எடுக்காமல் விடவும். வால் மெலிந்தால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம். எச்சத்தைக் காயுமுன் எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் போகவும், நேர்த்திக்கடன் பிற்பாடு. கால் நடுங்கினால் சுண்ணாம்புச் சத்துக் குறைவாக இருக்கலாம். பூச்சியின் மேல் கால்சியம் பொடி தூவிக் கொடுக்கவும். உரிந்த தோல் விரல் நுனியில் நூல் சுற்றியதுபோல் இறுகிக் கிடந்தால் அலட்சியம் கூடாது. ரத்தம் ஓடாமல் விரலே உதிர்ந்துவிடும். வெதுவெதுப்பான நீரில் நனைய விட்டு மெல்ல நீக்கவும். பெட்டிக்குள் ஈரத்துணி போட்ட பொந்து ஒன்று இருக்கட்டும். ஒரு மூலையில் 32 டிகிரி, எதிர்மூலையில் 25 டிகிரி உத்தமம். எங்கள் ஊரில் அந்த இரண்டாவது மூலைக்குத்தான் பாடுபட வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டியில் அடைத்தால் பலன் கலகம், தனித்தனியே பிரிக்கவும்.

அடுத்த பதிப்பு அச்சேறுமுன் ஆவன செய்ய வேண்டும். பக்கம் போதாவிட்டால் மனிதர் மூக்கில் பல்லி விழும் பலனை எடுத்துவிடலாம். என் ஆயுளில் ஒருவர் மூக்கிலும் விழுந்து பார்த்ததில்லை.

இப்படிக்கு,
பல்லிக்குத் தாய்மாமன்