குப்புசாமியின் மூட்டை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறரை மணிக்கு, எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் நான் காலமானேன். கயிற்றுப் பாலத்திலிருந்து விழுந்து மரணம். சாகும்போது எனக்கு உயரம் மூன்றடி, தொழில் திருட்டு, கையில் ஒரு தகர டப்பா. அந்த டப்பாவைக் கீழே போட்டிருந்தால் பிழைத்திருப்பேன் என்று கூட இருந்த நாலு பேரும் சொல்கிறார்கள். சொல்லட்டும். பொருளின் அருமை தெரியாத தலைமுறை.

என் மகளும் அவளுடைய கல்லூரி நண்பர்களும் ஞாயிறுதோறும் எங்கள் வீட்டில் கூடி ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ ஆடுவார்கள். காகிதம், பென்சில், பகடை, வாய். இவ்வளவுதான் தேவை. ஒருவர் கதையை நடத்துவார். அவருக்கு டன்ஜன் மாஸ்டர் என்று பெயர். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகக் கதைக்குள் இறங்கி, நிலவறை நிலவறையாகப் புகுந்து, பூதங்களை அடித்துப் புதையலை அள்ளுவார்கள். அடி விழுந்ததா, ஆள் விழுந்தாரா என்பதை இருபது முகப் பகடை சொல்லும். டன்ஜன் மாஸ்டர் என் மகள்தான். தன் அறையில் ஈரத்துண்டு எங்கே கிடக்கிறது என்று தெரியாதவள், மூன்று ராஜ்ஜியங்களையும் அவற்றின் எல்லைத் தகராறுகளையும் விரல்நுனியில் வைத்திருக்கிறாள்.

அன்றைக்கு ஒரு பையனுக்குக் காய்ச்சல். ஆள் குறைந்தது. “அப்பா, சும்மாதானே இருக்கீங்க, வந்து உக்காருங்க. பகடையை உருட்டினாப் போதும்” என்றாள். அந்த ‘சும்மாதானே’யை மறுத்து அடுக்களையிலிருந்து எந்தக் குரலும் எழவில்லை.

பாத்திரத்துக்குப் பெயர் வைக்கச் சொன்னார்கள். மற்றவர்களின் பெயர்கள் எதுவும் வாயில் நுழைவதாக இல்லை. ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு காற்புள்ளி அந்தரத்தில் தொங்கியது. நான் என் தாத்தா பெயரை வைத்தேன்: குப்புசாமி. தாத்தாவுக்கு முன்னால் பிறந்த பிள்ளைகள் தங்கவில்லையாம். அதனால் அவரைப் பிறந்த கையோடு குப்பைமேட்டில் கிடத்தி எடுத்து, குப்பு என்று அழைத்தார்கள். குப்பைதானே என்று எமன் தொடாமல் போய்விடுவான் என்பது அந்தக் காலத்து ஏற்பாடு. எமன் ஏமாந்தான், தாத்தா எண்பத்தேழு வயது வரை இருந்தார். குப்பைக்கு எங்கள் குடும்பம் பட்ட நன்றிக்கடன் அங்கே தொடங்குகிறது.

பலத்துக்குப் பகடை உருட்டியதில் எட்டு விழுந்தது. எட்டைப் பதினைந்தால் பெருக்கினால் 120. அத்தனை பவுண்டு தூக்கலாம் என்றாள் மகள். ஏறக்குறைய 54 கிலோ. நிஜத்தில் 25 கிலோ அரிசி மூட்டையை ஆட்டோவிலிருந்து இறக்கினாலே எனக்கு மூன்று நாள் தைலம் தேவைப்படும். பலவீனன் என்று எல்லோரும் பரிதாபப்பட்ட குப்புசாமி, என்னைப்போல் இரண்டு மடங்கு.

அடுத்து வந்ததுதான் என் மரணத்துக்கு மூலகாரணம். 2014-ல் வெளியான ஐந்தாம் பதிப்புக் கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கிறது. நூறு சில்லறைச் சாமான்கள். சண்டைக்கு உதவாது, விற்றாலும் பெரிதாக ஒன்றும் தேறாது. நூறுக்குள் ஓர் எண்ணை உருட்டி, அதற்கு நேரே உள்ளதைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்ப வேண்டும். பாடம்செய்த பூதக் கை ஒன்று, தெரியாத பாஷையில் எழுதிய டைரி, கண்ணாடியில் செய்த பழைய சதுரங்கக் காய், இன்ன மிருகம் என்று தெரியாத ஒரு மிருகத்தின் பல், திறந்தால் வாசனை மட்டும் வருகிற காலிக் குப்பி... மகள் வாசிக்க வாசிக்க எனக்குப் புல்லரித்தது. எங்கள் வீட்டு டிவி மேஜையின் இழுப்பறையைத் திறந்து பார்த்து யாரோ படியெடுத்திருக்கிறார்கள்! எங்களிடம் இருக்கும் பல் மட்டும் தெரிந்த மிருகத்தினுடையது, மகளின் பால்பல். டைரிகூட உண்டு. சுருக்கெழுத்து பழகிய காலத்தில் அதிலேயே எழுதிவந்தேன். அப்புறம் சுருக்கெழுத்து மறந்துவிட்டது. அந்த வருஷம் என் வாழ்க்கையில் என்ன நடந்தது என்பது இன்றுவரை பரம ரகசியம்.

உருட்டினேன். எனக்கு வந்தது ஓர் உலோக டப்பா. மூடி கிடையாது, திறக்க வழியும் கிடையாது. ஆட்டினால் உள்ளே தண்ணீரோ, மணலோ, சிலந்திகளோ, உடைந்த கண்ணாடியோ இருப்பதுபோலச் சத்தம் கேட்கும். எந்தச் சத்தம் என்பது நம் இஷ்டம்.

“உங்களுக்கு எதுப்பா வேணும்?”

“நாலும்.”

“ஒண்ணுதான் எடுத்துக்கலாம்.”

தண்ணீர் என்றேன். யோசிக்காமல் சொல்லவில்லை. தண்ணீர் மாதிரி கேட்பது உருக்கின நெய்யாகவும் இருக்கலாம்.

நிலவறைக்குள் இறங்கினோம். முதல் அறையை மகள் வர்ணித்தாள்: உடைந்த நாற்காலி, அணைந்துபோன தீப்பந்தம், கொஞ்சம் எலும்பு, துருப்பிடித்த ஆணிகள். நாலு பேரும் அதைக் காதில் வாங்கிக்கொண்டு கதவை நோக்கிப் போய்விட்டார்கள். நான் மட்டும் கேட்டேன்: “எத்தனை ஆணி?”

கதை சொன்னவளுக்கே அது தெரியவில்லை. “ஒரு... இருபது இருக்கும்ப்பா.”

“எடுத்துக்கறேன்.”

“துருப்பிடிச்சதுப்பா.”

“மண்ணெண்ணெய்ல ஊறப்போட்டா வந்துடும்.”

“அந்த உலகத்துல மண்ணெண்ணெய் கிடையாது.”

“இங்கயுந்தான் கிடைக்கல.”

இரண்டாம் அறையில் கெட்டிப்பட்ட மரப்பிசின் ஒரு கட்டி. எடுத்துக்கொண்டேன். அடுத்து, கைப்பிடி இல்லாத வாளி. பிறகு, வாளி இல்லாத கைப்பிடி. இவை இரண்டும் வெவ்வேறு அறைகளில் கிடந்ததால் ஒன்றோடொன்று பொருந்தாது என்பதை நம்ப நான் இப்போதும் தயாரில்லை.

ஆட்டத்தின் வரலாறு தெரிந்தால் என்னைக் குறைசொல்ல மாட்டீர்கள். 1974-ல் இதை வெளியிட்டவர்கள் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற இரண்டு அமெரிக்கர்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் லேக் ஜெனீவா என்ற ஊரில் இருந்தவர் கைகாக்ஸ். இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை போனபிறகு வீட்டில் உட்கார்ந்து செருப்புத் தைத்தவர். பழையதைத் தூக்கி எறியாத கை. ஆரம்ப காலத்து விதிப்படி, வெளியே கொண்டுவந்து சேர்க்கும் ஒவ்வொரு பொற்காசுக்கும் ஓர் அனுபவப் புள்ளி. பூதத்தை அடித்துக் கிடைக்கும் புள்ளியைவிட அதன் பெட்டியைத் தூக்கிவந்தால் அதிகம். இப்படி ஒரு விதியை வைத்துவிட்டு, அறை முழுக்கத் தங்கத்தையா கொட்டிவைக்க முடியும்? 1979-ல் அவர் எழுதிய டன்ஜன் மாஸ்டர் கையேட்டின் பின்னிணைப்பில், காலி அறைகளை நிரப்புவதற்கென்றே வரிசை வரிசையாகப் பட்டியல்கள்: நாற்றங்கள், காரணம் தெரியாத சத்தங்கள், தட்டுமுட்டுச் சாமான்கள். மளிகைச் சீட்டின் நீளத்துக்கு. பத்துக் குப்பைக்கு நடுவே ஒரு ரத்தினத்தை வைத்தால்தான் ரத்தினத்தைத் தேடுவார்கள். என் மனைவி பீரோச் சாவியை ஒளித்துவைப்பதும் இதே முறையில்தான். நான் சேர்த்த சாவிகள் இருக்கும் டப்பாவில். அதில் முப்பத்தொரு சாவிகள் உண்டு. பூட்டு உள்ளவை நாலு.

இன்னோர் அறையில் வந்தது துரு பூதம். அதன் உணர்கொம்பு பட்டால் கத்தி, கவசம், எந்த இரும்பும் நொடியில் துருவாக உதிரும். உதிர்ந்ததை அது தின்னும். பழைய இரும்புக்குப் பேரீச்சம்பழம்கூடத் தராத வியாபாரி. நாலு பேரும் வாளை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சுவரோடு சுவராக நின்றார்கள். நான் மூட்டையை அவிழ்த்தேன். இருபது ஆணியையும் மூலையில் கொட்டினேன். அது குனிந்து நிதானமாகச் சாப்பிட ஆரம்பித்தது. நாங்கள் நடந்து வெளியே வந்தோம்.

“செம அங்கிள்!” என்றான் ஒருவன்.

அந்த ஒரு வார்த்தைதான் என்னைக் கொன்றது. முப்பது வருஷ இல்லறத்தில், நான் எடுத்துவைத்த ஒரு பொருள் ஒரு காரியத்துக்கு உதவி, அதைச் சாட்சிகளும் பார்த்தது அதுவே முதல் தடவை. அடுக்களைப் பக்கம் திரும்பி, “கேட்டுச்சா?” என்றேன். குக்கர்தான் பதில் சொன்னது.

அந்தப் பூதத்தின் பூர்வீகத்தைப் பிற்பாடு மகள் சொன்னாள். கைகாக்ஸ் எப்போதோ ஹாங்காங்கில் செய்த மலிவுவிலைப் பிளாஸ்டிக் பொம்மைப் பொட்டலம் ஒன்றை வாங்கினாராம். என்ன மிருகம் என்று செய்தவருக்கே தெரியாத உருவங்கள். அவற்றை மேஜையில் வைத்து ஆட ஒவ்வொன்றுக்கும் ஒரு சுபாவம் கற்பித்தார். துரு பூதம், ஆந்தைக்கரடி எல்லாம் அந்தப் பொட்டலத்திலிருந்து வந்தவைதானாம். எங்கள் வீட்டிலும் அப்படி ஒரு பொட்டலம் இருந்தது. போன பொங்கலுக்கு முன்தினம் என் கண்ணெதிரே போகியில் போய்விட்டது. எத்தனை பூதங்கள் பிறக்காமலே கருகினவோ.

இன்னொரு விஷயத்தில் நான் கொஞ்சம் முன்னாலேயே பிறந்திருக்கலாம். நிலவறையில் தரையைத் தட்டிப் பார்க்க, நம் ஒட்டடைக்கம்பு போலப் பத்தடிக் கழி ஒன்று விற்பார்கள். மூன்றாம் பதிப்பின் விலைப்பட்டியலில் கழி இரண்டு வெள்ளிக்காசு, அதாவது 20 செம்பு. பத்தடி ஏணியோ வெறும் 5 செம்பு. ஏணியை வாங்கிப் படிகளைக் கழற்றினால் இரண்டு கழி. பாதி விலைக்குத் தள்ளினாலும் ஐந்து போட்டு இருபது எடுக்கலாம். கேட்டதும் எழுந்தே நின்றுவிட்டேன். ஆனால் மகள் வைத்திருப்பது ஐந்தாம் பதிப்பு: ஏணி ஒரு வெள்ளி, கழி 5 செம்பு. இரண்டு கழியை முழு விலைக்கே விற்றாலும் ஏணியின் விலை சரியாக வரும். ஒரு செம்பு மிஞ்சாது. என்னைப்போல் ஒரு ஆளை எதிர்பார்த்தே திருத்தியிருக்கிறார்கள்.

பிறகு பாலம் வந்தது. கயிறு நைந்துபோன பாலம். கனத்தைக் குறைத்தால்தான் தாங்கும். ஒருவன் கூடாரத்தைப் போட்டான், ஒரு பெண் கேடயத்தையே போட்டாள். “அப்பா, நீங்க?” என்றாள் மகள். நான் மூட்டையை முழுசாகப் பிரித்து, ஒவ்வொன்றையும் எடுத்துப் பார்த்து, நன்றாக யோசித்து, என் வாளைப் போட்டேன்.

“டப்பாவைப் போடுங்கப்பா!”

“திறந்துகூடப் பார்க்கலையேம்மா.”

பகடை உருண்டது. ஒன்று.

அடுத்த ஞாயிறு வரை ஆறு நாள் இருந்தது. பிராயச்சித்தமாகக் கணினியில் தனியாகப் பழகினேன். 2011-ல் வந்த ‘ஸ்கைரிம்’ விளையாட்டில் ஆரம்பத்தில் 300 அலகு எடை சுமக்கலாம். மிஞ்சினால் ஓட முடியாது, தேரை இழுப்பதுபோல நடக்கலாம். நான் கல்லறை கல்லறையாகப் புகுந்து பிணம் சுற்றிய துணியையும் பாடம்செய்யும் கருவிகளையும் பொறுக்கி, மலையைத் தேர்வேகத்தில் கடந்தேன். லிடியா என்றொரு அம்மணி கூட வந்தாள். கொடுத்ததையெல்லாம் பெருமூச்சு விட்டபடி சுமந்தாள். அந்தப் பெருமூச்சை எங்கேயோ கேட்டிருக்கிறேன். அந்த ஊர்க் கடைக்காரர் தலையில் ஒரு வாளியைக் கவிழ்த்துவிட்டால், அவர் கண்ணெதிரே கடையையே காலி செய்யலாம் என்பது பிரசித்தம். நானும் கவிழ்த்தேன். அப்புறம் வாளியை விட்டுவர மனமில்லாமல் எடுத்துக்கொண்டேன். மாட்டிக்கொண்டேன்.

1987-லிருந்து இருந்துவரும் ‘நெட்ஹேக்’ விளையாட்டில் ஒரு சாம்பல் நிறக் கல் கிடக்கும். பார்க்க மற்றக் கற்களைப்போலத்தான். எடுத்துவிட்டால் மலைக் கனம். பெரும்பாலும் சாபத்தோடு வருவதால் கீழே வைக்கவும் முடியாது. அனுபவசாலிகள் கையால் தொடுமுன் காலால் உதைத்துப் பார்ப்பார்களாம். நகராவிட்டால் அந்தக் கல். எங்களிடம் அம்மாவின் ஆட்டுக்கல் இருக்கிறது. கிரைண்டர் வந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. கல்லோ ஐந்து வாடகை வீடுகள் மாறி, ஒவ்வொரு தடவையும் லாரிக்காரருக்குத் தனிக்கூலி வாங்கிக்கொடுத்து, இப்போது கேட்டுக்கு முட்டாக நிற்கிறது. உதைத்தும் பார்த்தாயிற்று. ராத்திரி கரண்ட் இல்லாத நேரத்தில், சுண்டுவிரலால்.

ஞாயிறு வந்தது. காய்ச்சல்காரப் பையன் தேறிவந்துவிட்டான். ஆனாலும் யாரும் என்னைக் கிளம்பச் சொல்லவில்லை. புதுப் பாத்திரம் எழுதினேன். குப்புசாமியின் தம்பி மகன். பெயர், குப்புசாமி. பெரியப்பாவின் அந்திமக்கிரியைக்காகப் பள்ளத்தாக்கில் இறங்க வேண்டும் என்று அடம்பிடித்தேன். இறங்கினார்கள்.

“பாறை இடுக்குல அவரோட உடம்பு. பக்கத்துல மூட்டை” என்று மகள் பட்டியலைப் படித்தாள். “கைப்பிடி இல்லாத வாளி. வாளி இல்லாத கைப்பிடி. அரை மெழுகுவத்தி, ஏழு. மரப்பிசின், ஒரு கட்டி. எலும்பு, யாருதுன்னு தெரியல...”

கரண்டியோடு வந்து நின்ற மனைவி கடைசிவரை கேட்டாள். “என்னங்க, அங்க போயுமா?” என்றாள்.

“யாருக்கு என்ன வேணும்?” என்றாள் மகள். ஐந்து பேரும் கையை விரித்தார்கள். வாரிசு நான் ஒருவன்தான் என்பதை நினைவுபடுத்தி, மொத்தத்தையும் எடுத்துக்கொண்டேன்.

“இன்னொண்ணு இருக்கு. அந்த டப்பா. விழுந்த வேகத்துல நசுங்கி, ஓரமா ஒரு விரிசல் விட்டிருக்கு.”

மேஜையைச் சுற்றி எல்லோரும் முன்னால் சாய்ந்தார்கள். மனைவியும்தான். உள்ளே என்ன என்பதை மகள் இன்னும் தீர்மானிக்கவில்லை என்று அவள் பென்சிலைக் கடித்த விதத்தில் தெரிந்தது. நான் பிசினை எடுத்து, அரை மெழுகுவத்தியில் இளக்கி, விரிசலை அடைத்தேன். ஆட்டிப் பார்த்தேன். சத்தம் நன்றாக இருந்தது.

“உள்ள பார்க்கலையாப்பா?”

“இருக்கட்டும்மா” என்று மூட்டையைக் கட்டினேன்.