பலாக்கொட்டையின் முக்கூடல் தன்மை: கொதியெண்ணெய்ச் சான்றுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பாலாறு, செய்யாறு, வேகவதி மூன்றும் சேருமிடம் என்பதை மறைக்காமல் பெயரிலேயே சொல்லிவிடும் ஊர் திருமுக்கூடல். அங்கே கரையில் நின்றுகொண்டு, இந்தக் கைத்தண்ணீர் எந்த ஆற்றுடையது என்று கேட்பவனுக்கு யாரும் பதில் சொல்லமாட்டார்கள். சமையலறையில் மட்டும் நமக்கு இந்த நிதானம் வருவதில்லை. கைக்கு வரும் பொருள் தானியமா, பருப்பா, கிழங்கா என்று குலம் கோத்திரம் விசாரித்த பிறகுதான் அடுப்பில் ஏற்றுகிறோம். இந்த விசாரணைக்குப் பிடிகொடுக்காமல் நெடுங்காலமாகத் தப்பித்துவரும் பொருள் பலாக்கொட்டை. சாம்பாரில் விழுந்தால் கிழங்கு என்கிறார்கள். முருங்கைக்காயோடு கூட்டாகும்போது பருப்புக்குப் பதிலாக எண்ணப்படுகிறது. யாழ்ப்பாணத்து ஒடியற்கூழுக்குள் இறங்கினால் மீனோடும் நண்டோடும் சமமாக உட்கார்ந்துகொள்கிறது. தானியம், பருப்பு, கிழங்கு ஆகிய மூன்றில் எதுவும் அது அல்ல, மூன்றும் கூடும் துறையே பலாக்கொட்டை என்பது இக்கட்டுரையின் துணிபு. அதை நிறுவத் தகுந்த ஆய்வுக்கூடம் வாணலி ஒன்றே.

ஏன் வாணலி? குழம்புச் சட்டியில் சோதித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது. தண்ணீர் தாட்சண்யம் பார்க்கும். எவ்வளவு விறகு எரித்தாலும் அதன் கோபம் 100 டிகிரி செல்சியசைத் தாண்டுவதில்லை. அதில் விழுந்த எதுவும் குழைந்து, பக்கத்தில் கிடப்பதன் சுவையை வாங்கிக்கொண்டு நல்ல பெயர் எடுத்துவிடும். பலகாரம் பொரியும் எண்ணெயோ 170, 180 டிகிரியில் நிற்பது. உள்ளே போன பொருளின் ஈரத்தை ஆவியாக்கி விரட்டிவிட்டு, மிச்சமிருப்பதைக் கரண்டியில் ஏந்திக் காட்டும். சலசலப்பு அடங்கியபின் மேலே வருவதுதான் அந்தப் பொருளின் சொந்த முகம். பச்சைப் பலாக்கொட்டையில் ஏறக்குறைய பாதிக்கு மேல் நீர் என்பதால், மற்ற எதையும்விட இதற்கே இந்தச் சோதனை அவசியம்.

சோதனைக்கு முன் குற்றம்சாட்டப்பட்டவரின் பிறப்பைப் பார்த்துவிடலாம். இங்கே தாவரவியல் ஒரு குண்டைப் போடுகிறது. பலாப்பழம் ஒரு பழம் அல்ல. ஒரே காம்பில் நெருங்கிப் பூத்த நூற்றுக்கணக்கான பூக்கள் ஒன்றாகத் திரண்ட கூட்டுக்கனி அது. நாம் தேன் தொட்டுத் தின்னும் சுளை, கருவுற்ற பூவின் இதழ்ப்பகுதி சதைப்பிடித்தது. சடை என்று ஒதுக்குவது கருவுறாத பூக்களின் இதழ். உண்மையான கனி, கொட்டையும் அதைச் சுற்றிய உறையும் சேர்ந்ததுதான். ஆக, இத்தனை காலமாக நாம் பூவைத் தின்றுவிட்டுப் பழத்தைக் குப்பையில் எறிந்துகொண்டிருக்கிறோம். முக்கனியில் ஒன்றென்று பாராட்டப்பட்டதும், தமிழ்நாட்டின் மாநிலப் பழம் என்று அறிவிக்கப்பட்டதும் சட்டப்படி யாருக்குச் சேரவேண்டிய பெருமை என்பதை வாசகர் இனி நிதானமாக யோசிக்கலாம். கொட்டையை வீசுவது சிக்கனமின்மை மட்டுமல்ல, ஆள்மாறாட்டத்துக்கு உடந்தையும்கூட.

இனி வாணலி. முதல் சான்று வறுவல். கொட்டையின் வெள்ளை உறையை உரித்து, மெல்லிய வில்லைகளாகச் சீவி, மஞ்சளும் உப்பும் கரைத்த நீரில் சற்றே போட்டெடுத்து, துணியில் ஈரம் உலர்த்திப் பொரித்தால் நேந்திரங்காயும் மரவள்ளியும் எப்படி நடந்துகொள்கின்றனவோ அப்படியே நடந்துகொள்கிறது. மாவுச்சத்தின் இலக்கணம் பிசகுவதில்லை. கனமாகச் சீவினால் ஓரம் கருகி நடுவில் அவிந்து போகும். முழுக்கொட்டையை அப்படியே போட்டால் உள்ளே அடைபட்ட ஆவி தோலைக் கிழித்துக்கொண்டு வெடிக்கும், எண்ணெய் முகத்தில் தெறிக்கும். இதன்படி அது கிழங்கு. இரண்டாவது சான்று வடை. வேகவைத்த கொட்டையை ஒன்றிரண்டாக மசித்து, ஊறிய கடலைப்பருப்போடு கரகரவென்று அரைத்து, வெங்காயமும் கறிவேப்பிலையும் சேர்த்துத் தட்டிப் போட்டால் வெளியே மொறுமொறுப்பும் உள்ளே மெத்தென்ற பதமும் வருகின்றன. பெயர் சொல்லாமல் பரிமாறினால் பருப்பு வடை என்றே சாட்சி சொல்வார்கள். இதன்படி அது பருப்பு. மூன்றாவது சான்று முறுக்கு. சீவி வெயிலில் காயவைத்து அரைத்த மாவை அரிசிமாவோடு நாலுக்கு ஒன்று கலந்து, சீரகமும் எள்ளும் போட்டுப் பிழிந்தால், அரிசியோடு அரிசியாகவே நின்றுவிடுகிறது. இந்த மாவு தண்ணீரை அதிகம் குடிக்கும். அளவை மீறினால் முறுக்கு சிவப்பதற்குப் பதிலாகக் கருக்கும், பல்லுக்கும் வேலை வைக்கும். காஞ்சிப் பட்டில் உடலையும் கரையையும் தனித்தனி நாடாவால் நெய்து கோர்வையில் பிணைப்பதுபோல, அரிசிமாவு உடலாகவும் கொட்டைமாவு கரையாகவும் இருக்கவேண்டும். கரை முழுப் புடவையையும் விழுங்கக்கூடாது. ஆனாலும் அது தானியம்தான். ஒரே பொருள், ஒரே எண்ணெய், மூன்று தீர்ப்புகள். தீர்ப்புகள் முரண்படுகின்றன என்பவர் திருமுக்கூடலுக்குப் போய் ஆற்றைக் கேட்கட்டும்.

எதிர்ப்புகளைப் பார்ப்போம். உருளைக்கிழங்கு மலிந்து கிடக்கும்போது இந்தப் பிசுபிசுத்த உறையோடு ஏன் மல்லுக்கட்ட வேண்டும் என்பது முதலாவது. இது வரலாறு அறியாதவர் வாதம். உருளைக்கிழங்கும் மிளகாயும் போர்த்துகீசியர் கப்பல்கள் இந்தப் பக்கம் வரத் தொடங்கிய பிறகே வந்தவை. அதற்கு முன்பே, 14ஆம் நூற்றாண்டில், மதுரை வரை வந்துபோன இபின் பதூதா பலாக்கொட்டையைத் தம் பயணக் குறிப்பில் எழுதிவிட்டார். அது பெரிய அவரைக்கொட்டை போன்றது, வறுத்தாலும் வேகவைத்தாலும் அவரைச் சுவைதான் என்பது அவர் கணிப்பு. அவருக்கு வடை தட்டித் தர யாரும் இல்லாததால் மூன்றில் ஒரு தீர்ப்பை மட்டுமே எட்டினார் என்பது இக்கட்டுரையின் பணிவான திருத்தம். எப்படியானாலும் பஜ்ஜிக்குள் இருக்கும் உருளைக்கிழங்குதான் பிற்காலத்தில் குடியேறியது. பலாக்கொட்டையை அதற்கு மாற்று என்று அழைப்பது வீட்டுக்காரரை விருந்தாளி என்பதாகும். முந்திரியின் கதை இன்னும் மோசம். அதுவும் பிரேசிலிலிருந்து கப்பலேறி வந்ததுதான். பழத்துக்கு வெளியே துருத்திக்கொண்டு நின்றதால் அவசரக்காரர்களுக்கு உவமையாகி, பிறகு எப்படியோ ‘பருப்பு’ பட்டமும் பெற்று, பக்கோடாவாகக் கண்ணாடி அலமாரியில் உட்கார்ந்துவிட்டது. முந்திரி விளையும் பண்ருட்டியில் அதே மண்ணில் விளைந்து, அதே சந்தைக்கு வந்தும், பழத்துக்குள் அடக்கமாக இருந்தது இன்றைக்கும் ‘கொட்டை’தான். அடக்கம் அமரருள் உய்க்கும் என்பது பலகாரக் கடைக்குப் பொருந்தாது போலும்.

இரண்டாவது எதிர்ப்பு கனமானது, உரக்க ஒலிப்பதும்கூட: வாயு. இதை மறுப்பது ஆய்வு நேர்மை ஆகாது. பச்சைக் கொட்டையில் புரதச் செரிமானத்தைத் தடுக்கும் பொருள் உண்டு. நன்றாக வேகவைத்தால் அது செயலிழக்கும். அதனால் வடைக்கு வேகவைத்த கொட்டை என்று மேலே சொன்னது சுவைக்காக மட்டுமல்ல. எஞ்சிய தொல்லைக்குத் திருமுக்கூடலுக்குப் பக்கத்துக் காஞ்சியிலேயே மருந்து இருக்கிறது. வரதராசப் பெருமாள் கோயில் இட்லியில் சுக்கும் மிளகும் சீரகமும் பெருங்காயமும் சேர்வது வெறும் மணத்துக்காக என்று யார் நம்புவார்கள்? உளுந்தின் வாயுவை அடக்கிய அதே கூட்டணியைப் பலாக்கொட்டை வடைக்கும் அழைப்பதில் என்ன தடை? இன்னும் வலிய சான்று திருமுக்கூடல் அப்பன் வேங்கடேசப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கிறது. 11ஆம் நூற்றாண்டில், வீரராசேந்திர சோழனின் 5ஆம் ஆட்சியாண்டில் வெட்டிய நீண்ட கல்வெட்டு அது. வேதக் கல்லூரியும் விடுதியும் 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலை என்னும் மருத்துவமனையும் அங்கே நடந்ததையும், வைத்தியர், சல்லியக்கிரியை செய்பவர், மூலிகை கொண்டுவருபவர் என ஆட்களுக்கு ஒதுக்கிய நெல்லையும் விவரமாகச் சொல்கிறது. மாணவர்கள் சனிக்கிழமைதோறும் தேய்த்துக் குளிக்க எண்ணெய்க்கும் அதில் ஏற்பாடு உண்டு. சாலையில் இருப்பு வைத்த மருந்துகளில் ஒன்று பூண்டும் ஆமணக்கெண்ணெயும் சேர்ந்த லசுனாத்யேரண்ட தைலம். வாதத்துக்கும் வயிற்றுப் பொருமலுக்கும் பெயர்போன சேர்க்கை. மண்டூகர வடிகை என்று ஒரு மாத்திரையும் பட்டியலில் வருகிறது. வடிகை, வடகம், வடை எல்லாம் உருட்டிய ஒன்றைக் குறிக்கும் ஒரே சொற்குடும்பம். ஆதுலர் சாலையின் 15 படுக்கைகளுக்கும் பலாக்கொட்டைக்கும் நேரடித் தொடர்பு காட்டும் துணிவு இக்கட்டுரைக்கு இல்லை. கல்வெட்டு அதைப் பற்றி மூச்சுவிடவில்லை. ஆனால் வடைக்கும் மாத்திரைக்கும் மொழியே ஒரு பெயரைப் பகிர்ந்து கொடுத்திருக்கும்போது, ஒன்றுக்கு மற்றது மாற்று என்று நம் முன்னோர் அறிந்திருக்கவில்லை என்று சொல்வதற்கும் அதே அளவு துணிவு வேண்டும்.

மூன்றாவது எதிர்ப்பு பருவம் பற்றியது. பலா சித்திரை தொடங்கி ஆடி வரை வருவது. திருமுக்கூடலில் கூட்டம் கூடுவதோ தையில். பொங்கலுக்கு மறுநாள் காஞ்சி வரதர் பார்வேட்டைக்காகப் பழையசீவரம் மலைக்கு எழுந்தருளி, பாலாற்றைக் கடந்து திருமுக்கூடலுக்கு வருவார். சுற்றூர்ப் பெருமாள்களும் வந்து சேர்வார்கள். ஆற்று நடுவே பலகாரத்துக்கு இதைவிட நல்ல சந்தை ஏது? அன்றைக்குக் கொட்டைக்கு எங்கே போவது என்கிறார்கள். இதற்கும் இபின் பதூதாவே பதில் சொல்லிவிட்டார்: கொட்டைகளைச் செம்மண்ணில் புதைத்துவைத்தால் அடுத்த ஆண்டுவரை தாங்கும். மண் ஈரத்தைக் காக்கும். ஈரம் போய்விட்டால் இந்தக் கொட்டை முளைக்கும் சக்தியையும் இழந்துவிடும் இனத்தைச் சேர்ந்தது. செம்மண் கிடைக்காதவர் ஆற்றுமணலில் புதைக்கலாம். பாலாற்றில் அதற்குப் போதிய மணல் மிச்சமிருக்கிறதா என்பது வேறொரு துறையின் ஆய்வு, அது இவ்வளவு சிரிப்பாக இருக்காது.

தீராமல் நிற்பது ஒன்றே ஒன்று: வெள்ளை உறைக்குள் ஒட்டிக்கிடக்கும் அந்தப் பழுப்புத் தோல். அதைச் சுரண்டிவிட்டால் வறுவல் பொன்னிறத்தில் கண்ணைப் பறிக்கும் என்பது ஒரு கட்சி. அந்தத் தோலில்தான் சுவையும் நாரும், சுரண்டுபவன் சோம்பேறிக்கு எதிரி என்பது மறு கட்சி. யானையின் நெற்றியில் எந்த நாமம் என்பதற்கே வடகலையும் தென்கலையும் நீதிமன்றப் படியேறிய வட்டாரம் இது என்பதால், இவ்விஷயத்தில் கருத்துரைக்க இக்கட்டுரை விரும்பவில்லை. தீர்ப்பு வரும்வரை தட்டின் ஒரு பாதியில் உரித்ததும் மறுபாதியில் உரிக்காததுமாக வைப்பதே உசிதம். நடுவில் தேங்காய்ச் சட்னி.