ஒரு கூடை, எத்தனை சங்கம்?

கேள்வி: தோட்டத்தில் ஒரே ஆள் இரண்டு சங்கத்தில் அங்கத்தவராக இருப்பது பலமா, பலவீனமா?
– வாசகி, ஹட்டன்

பதில்: தொழிலாளிக்கு அது பயம்; துரைமாருக்குத்தான் பலம்!

பயத்துக்குக் காரணம் இருக்கிறது. செக்ரோலில் (வேலைநாள் பதிவேட்டில்) பேர் விழவில்லையென்று தகராறு வந்தால் பேச ஒரு தலைவர் வேண்டும். லயத்துக் கூரைத் தகரத்துக்கு அமைச்சில் செல்வாக்குள்ள இன்னொரு தலைவர் வேண்டும். அதனால்தான் ஒரே ஆள் இரண்டு சங்கத்தில்; ஒரே காம்பராவில் கணவன் ஒரு சங்கம், மனைவி வேறு சங்கம். கட்சிக்கொரு சங்கம் வைத்திருக்கும் தலைவர்கள் உண்டாக்கிய நிலை இது. தொழிலாளியைக் குறை சொல்லிப் பயனில்லை.

ஆனால் இப்படிப் பல சங்கங்களாகப் பிரிந்தால் என்ன ஆகும்? கணக்கைப் பாருங்கள். 1935ஆம் ஆண்டுத் தொழிற்சங்கக் கட்டளைச் சட்டப்படி ஏழு பேர் கூடினால் ஒரு சங்கத்தைப் பதியலாம். முதலாளி பேச்சுவார்த்தையை மறுக்க முடியாதிருக்க வேண்டுமானால், கைத்தொழில் பிணக்குகள் சட்டத்துக்கான 1999ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, குறைந்தது 40 வீதத் தொழிலாளர் ஒரு சங்கத்தில் இருக்க வேண்டும். நூறு பேர் மூன்று சங்கங்களாகச் சரிசமமாகப் பிரிந்தால், எந்தச் சங்கமும் நாற்பதைத் தொடாது. ஊர் ரெண்டுபட்டால் கூத்தாடிக்குக் கொண்டாட்டம். தோட்டம் மூன்றுபட்டால் கம்பனிக்குக் கொண்டாட்டம்.

1940இல் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் துப்பாக்கிச் சூட்டுக்குத் தொழிலாளி கோவிந்தன் பலியானார். அவர் உயிர் கொடுத்தது தொழிலாளர் ஒன்றுசேர்ந்து நடத்திய போராட்டத்தில். எந்தச் சங்கம் என்பதை நீங்களே தீர்மானியுங்கள். வருஷத்துக்கொரு முறை கணக்குக் காட்டும் சங்கமாக, பெண்ணைத் தலைவியாக்கும் சங்கமாகப் பார்த்து ஒன்றில் சேருங்கள். சந்தா கொடுப்பவர் கேள்வி கேட்கத் தொடங்கினால், இரண்டாவது சங்கம் தேவைப்படாது.