நானூறு சதுர கிலோமீட்டரில் ஒரு டீக்கடை

பகலெல்லாம் சம்பளப் பட்டியல் போடும் சாஃப்ட்வேர் எழுதுகிறேன். பி.எஃப். பிடித்தம், தொழில் வரி, லீவு கழிவு. ராத்திரி ஒன்பதரைக்கு மேல் பொம்மைக் கார் கேம் செய்கிறேன். வயது நாற்பத்தெட்டு. வீட்டில் இதற்காக யாரும் கவலைப்படவில்லை. "வெளிய சுத்தாம வீட்லதானே உக்காந்திருக்கார்" என்று என் மனைவி அவள் அம்மாவிடம் போனில் சொன்னதை நானே கேட்டேன். பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன்.

வினை தொடங்கியது 2025 ஏப்ரலில். நின்டெண்டோவின் 'மரியோ கார்ட் வேர்ல்ட்' முன்னோட்டத்தை மகளோடு சேர்ந்து பார்த்தேன். கார்ட் ரேஸ் தெரியாதவர்களுக்கு: காலை மடக்கி உட்காரும் குட்டி வண்டியில் போய்க்கொண்டே பின்னால் வருபவனுக்கு வாழைப்பழத் தோல் போடுவது, முன்னால் போகிறவன் மேல் ஆமை ஓடு எறிவது. இதுவரை தனித்தனி மைதானங்களில் நடந்த அந்தக் கூத்து, இந்த முறை ஒரே பெரிய உலகத்தில். ஒரு ரேஸ் முடிந்தால் அடுத்த மைதானத்துக்கு வண்டியிலேயே போகலாம். வேலியைத் தாண்டி மலைமேல் ஏறலாம். பழைய ஆட்டங்களில் குறுக்கே வந்து நின்ற பசுமாடுகூட இதில் வண்டி ஓட்டுகிறது.

"அப்பா, இந்த மாதிரி நீ பண்ணுவியா?" என்றாள் மகள். முடியாது என்று சொல்லத் தெரியாதது என் பரம்பரை வியாதி.

நின்டெண்டோக்காரர்கள் இந்த யோசனையை 2017இலேயே தொடங்கினார்கள் என்பதையும், பழைய ஸ்விட்ச் மெஷினில் உலகம் அடங்காமல் தவித்து, 2020 வாக்கில் அடுத்த மெஷினுக்கு மாற்றிக்கொண்டார்கள் என்பதையும் பிறகுதான் படித்தேன். பிறகு என்றால், மகளிடம் "தீபாவளிக்குள்ள ரெடி" என்று சொன்ன பிறகு.

கேம் செய்ய நான் எடுத்துக்கொண்ட இலவச மென்பொருளின் பெயர் கொடோ. வரவே வராத ஓர் ஆளுக்காக இரண்டு பேர் காத்துக்கொண்டே இருக்கும் பிரபல நாடகத்திலிருந்து வைத்த பெயர். சகுனம் பார்க்கிறவனாக இருந்திருந்தால் அங்கேயே நிறுத்தியிருப்பேன்.

முதல் நாள் ராத்திரியே உலகத்தைப் படைத்துவிட்டேன். மிகையில்லை. மேடு பள்ளத்தைக் கணக்குப் போட்டு உண்டாக்கும் சூத்திரங்கள் இருக்கின்றன. நீளம் இருபது கிலோமீட்டர், அகலம் இருபது கிலோமீட்டர் என்று இரண்டு எண்ணைத் தட்டினால் மலை, பள்ளத்தாக்கு, ஏரி எல்லாம் தானாக எழும்பிவிடும். நானூறு சதுர கிலோமீட்டர். சென்னை மாநகராட்சியே 426தான். மனைவியை எழுப்பிக் காட்டினேன். "நல்லாருக்குங்க, லைட்டை அணைங்க" என்றாள்.

அடுத்த ஏழு வாரம் அந்த உலகத்தில் ஒரு வண்டி ஓடவில்லை.

சம்பளப் பட்டியல் புத்தி எல்லாவற்றையும் முறைப்படி செய்யச் சொல்லும். நாலு சக்கரம், நாலு ஸ்பிரிங், ஒவ்வொரு ஸ்பிரிங்குக்கும் விறைப்பு, தணிப்பு. ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் வண்டி தவளை மாதிரி குதித்துக் கவிழ்ந்தது. விறைப்பைக் குறைத்தால் தரைக்குள் புதைந்தது. ஏழாவது வாரம்தான் தெரிந்தது, இந்த மாதிரி குட்டிக் கேம் செய்கிறவர்களில் பலர் சக்கரமே வைப்பதில்லை என்று. கண்ணுக்குத் தெரியாத ஓர் உருண்டையை உருட்டிவிடுகிறார்கள். வண்டி அதன் மேல் ஒட்டிய வெறும் பொம்மை. சக்கரம் சுற்றுவதெல்லாம் நடிப்பு. ஒரே மாலையில் மாற்றினேன், அருமையாக ஓடியது. ஒரு குறை: சரிவில் நிறுத்தினால் வண்டி தன் பாட்டுக்கு உருண்டு போய் ஏரியில் இறங்கும். அடியில் இருப்பது பந்துதானே. ஹேண்ட்பிரேக் போட வழி கண்டுபிடிக்காமல், ஏரியைக் கொஞ்சம் தள்ளி வைத்தேன்.

சரி, ஓடுகிறதே என்று உலகத்தின் அந்தக் கோடிவரை ஒருநாள் போய்ப் பார்த்தேன். போகப் போக வண்டிக்கு நடுக்கம். பதினைந்து கிலோமீட்டர் தாண்டியதும் குளிர்ஜுரம் வந்த மாதிரி சக்கரம், ஸ்டியரிங், நிழல் எல்லாம் உதறல். இரண்டு ராத்திரி என் கோடில் தப்பைத் தேடினேன். விஷயம் என்னவென்றால், கேம்கள் இடத்தைக் குறிக்கப் பயன்படுத்தும் 32 பிட் எண்ணுக்கு நுணுக்கம் இவ்வளவுதான் என்று ஓர் அளவு உண்டு. பூஜ்யத்துக்குப் பக்கத்தில் முடியைக்கூட அளக்கும். பதினாறு கிலோமீட்டருக்கு அப்பால் ஏறக்குறைய இரண்டு மில்லிமீட்டர் படிகளில்தான் நகரும். வழுக்கிப் போக வேண்டிய வண்டி படி தாவித் தாவிப் போகிறது. வண்டியை உலகத்தின் நடுவிலேயே வைத்துக்கொண்டு உலகத்தை அதைச் சுற்றி நகர்த்துவதுதான் வழக்கமான மருந்து. எனக்கு அது கைகூடவில்லை. கோடியில் ஒரு பலகை நட்டு 'பனிப்பிரதேசம்' என்று எழுதி, நடுக்கத்துக்கு நியாயம் கற்பித்தேன்.

அடுத்ததைச் சொல்லத்தான் கூச்சமாக இருக்கிறது. வளைவில் வண்டியைச் சறுக்கவிட்டுத் திருப்பினால் வேகம் சேரும், சறுக்கல் முடிந்ததும் பாயும். கார்ட் ரேஸின் உயிரே அங்கேதான். என் கம்ப்யூட்டரில் விளையாடும்போது மகளும் நானும் சமம். அவளுடைய புது லேப்டாப்பில் விளையாடினாலோ அவள் பறக்கிறாள். "ரிஃப்ளெக்ஸ் பாருங்க, பொறந்ததிலேருந்தே அப்படி" என்று சொந்தக்காரர்கள் வாட்ஸாப் குரூப்பில் வீடியோ போட்டேன். அத்தை ஆசீர்வாதம் செய்தார். உண்மையில், 'ஒவ்வொரு பிரேமுக்கும் வேகத்தில் ஒன்று கூட்டு' என்று எழுதியிருந்தேன். என் திரை வினாடிக்கு 60 பிரேம். அவளுடையது 144. எத்தனை நேரம் ஆனது என்று கணக்கிட வேண்டிய இடத்தில், எத்தனை தடவை படம் வரைந்தோம் என்று கணக்கிட்ட புண்ணியவான் நான். கேம் செய்கிறவர்கள் முதல் வாரத்தில் படிக்கும் பாடம் இது. திருத்திய அன்று அவள் மூன்று முறை தோற்றுவிட்டு, "அப்பா, கேமைக் கெடுத்துட்டே" என்றாள். குரூப்பில் நான் மறுப்பு ஏதும் போடவில்லை.

கம்ப்யூட்டர் ஓட்டும் வண்டிகளைப் பற்றி ஒரு வரி. பின்தங்கியவனை வேகமாக்கி, முந்தியவனை மெதுவாக்கும் 'ரப்பர் பேண்ட்' கணக்கில் கூட்டலுக்கும் கழித்தலுக்கும் இடம் மாறிவிட்டது. முதலிடத்தில் இருந்த வண்டி பனிப்பிரதேசத்தையும் தாண்டி, உலகத்தின் விளிம்பிலிருந்து விழுந்தது.

தீபாவளி போய் பொங்கல் வந்தது. ஊரிலிருந்து அம்மா, மச்சான் குடும்பம், எல்லாரும் வீட்டில். டி.வி.யில் மாட்டிப் போட்டுக் காட்டினேன். ஒரு மேடு, ஓர் இறக்கம், ஒரு மேடு. ஐந்து நிமிஷம் பார்த்துக்கொண்டிருந்த அம்மா கேட்டார்:

"ஏண்டா, இவ்வளவு தூரம் ரோடு போகுதே, ஒரு டீக்கடைகூட இல்லையா?"

ஒன்பது மாதத்தில் எனக்குத் தோன்றாத கேள்வி. மரியோ கார்ட் வேர்ல்டில் மைதானங்களை இணைக்கும் சாலைகளே சலிப்பூட்டுகின்றன என்று விமர்சகர்கள் சிலர் எழுதியதைப் படித்து அற்பமாக மகிழ்ந்தவன் நான். அந்தச் சாலையில் கார், லாரி, ஏறிச் சறுக்கக் கம்பி வேலி என்று ஏதாவது இருந்துகொண்டே இருக்கும். என் சாலையில் சாலை மட்டும்தான் இருந்தது.

பொங்கல் முடிந்து மூன்று வாரம் டீக்கடை கட்டினேன். கீற்றுக் கொட்டகை, பாய்லர், தொங்கும் வாழைத்தார். டீ ஆற்றும் மாஸ்டரின் இரண்டு கைக்கும் நடுவே டீ வராமல் நாலு நாள் போனது. கடைசியில் ஒரு பழுப்புக் குச்சியை நிற்கவைத்தேன். அழகாக வந்தது. அதையே நாற்பது இடத்தில் நகலெடுத்து வைத்தேன். "எல்லாக் கடையிலயும் ஒரே ஆளா?" என்றாள் மனைவி. நாற்பது மாஸ்டர்களும் ஒரே கணத்தில் கையை உயர்த்துகிறார்கள்.

டீக்கடை வந்தும் சாலை சாலையாகவேதான் இருந்தது. 1992இல் வந்த முதல் மரியோ கார்ட், 'எஃப்-ஸீரோ' என்ற வேகப் பந்தயத்தை இரண்டு பேர் ஆடும்படி செய்யப் போய்ப் பிறந்தது. இருவருக்கும் திரையைப் பிரித்தால் அந்த நீண்ட நேர்ச்சாலைகளை மெஷின் தாங்காது. ஆகவே சின்ன மைதானம், நிறைய வளைவு. தரையும் இஸ்திரி போட்ட மாதிரி தட்டை, ஒரு மேடு கிடையாது. அந்த வளைவுகளை இன்னும் ஆடுகிறார்கள். என் நானூறு சதுர கிலோமீட்டரில் ரசித்துத் திரும்ப ஒரு வளைவு உண்டா என்று தேடினேன். ஏரியைத் தள்ளி வைத்தேனே, அதைச் சுற்றிப் போக வேண்டியிருப்பதால் உண்டான ஒன்றே ஒன்று இருந்தது.

மச்சானைச் சொல்லாமல் விட்டேன். பொங்கலன்று அவர் கையில் கன்ட்ரோலரைக் கொடுத்தேன். ஸ்டார்ட் ஆனதும் தப்பான பட்டனை அழுத்தி ரிவர்ஸ் போனார், பதறி முன்னால் வந்தார், மறுபடி ரிவர்ஸ். கோட்டைத் தாண்டினால் ஒரு சுற்று என்றுதான் எழுதியிருந்தேன். எந்தப் பக்கமிருந்து என்று எழுதவில்லை. மூன்று சுற்றும் ஒன்பது வினாடியில் முடிந்து, வாணவேடிக்கை வெடித்து, திரையில் 'முதல் பரிசு' என்று வந்தது. மச்சான் எழுந்து நின்று கும்பிட்டார்.

இப்போது வழியெங்கும் பன்னிரண்டு சோதனைப் புள்ளிகள் வைத்திருக்கிறேன். வரிசையாகக் கடந்தால்தான் சுற்று கணக்காகும். ஏரி இடம் மாறியபோது சாலையையும் மாற்றியதை மறந்து, ஏழாவது புள்ளியைப் பழைய வழியிலேயே வைத்துவிட்டேன். அது தண்ணீருக்கடியில் இருக்கிறது. ஆகவே இன்றுவரை யாராலும் ரேஸை முடிக்க முடியவில்லை. போன வாரம்கூட மச்சான் போன் செய்தார்.

"மாப்ளே, நம்ம ரெக்கார்டு இன்னும் நிக்குதா?"

நிற்கிறது.