காலை நடையின் உறுப்பிலக்கணம்: முன்னுண்ணலும் பின்னுண்ணலும்

காலை நடை என்பது ஒரு பானத்துக்கும் ஒரு பலகாரத்துக்கும் நடுவே நிகழ்வது. சென்னையில் இதற்கு வழங்கும் பெயர் ‘வாக்கிங்’. அதைச் செய்பவரை ‘வாக்கர்’ என்று சொல்லலாம்தான்; ஆனால் முழங்கால் தேய்ந்தபின் ஊன்றி நடக்கும் அலுமினியச் சட்டத்துக்கும் அதே பெயர் இருப்பதால், இங்கே ‘நடையர்’ என்ற சொல் ஆளப்படுகிறது.

நடையர் வாழும் நிலம் இரண்டு வகை. ஒன்று கடற்கரை. 1880களில் சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கடலோரமாக நடைபாதை அமைத்து அதற்கு மெரினா என்று பெயரிட்டார். நடக்க இடம் செய்து கொடுத்தவர், நடந்து முடித்தவர் எதைச் சாப்பிடுவார் என்பதற்கு ஏற்பாடு எதுவும் செய்யவில்லை. அந்தக் குறையைத் தள்ளுவண்டிகள் தீர்த்து வைத்தன. மற்றொன்று பூங்கா. மயிலாப்பூர் லஸ் பக்கத்தில் இருக்கும் நாகேஸ்வரராவ் பூங்கா, அமிர்தாஞ்சனம் தைலத்தைக் கொண்டுவந்த காசிநாதுனி நாகேஸ்வரராவின் பெயரைத் தாங்குகிறது. கால் வலிக்க நடக்கும் ஓர் இடத்துக்கு வலி மருந்துக்காரரின் பெயர் இவ்வளவு பொருத்தமாக வேறெங்கும் வாய்க்கவில்லை.

நன்னூல் பகுபதத்துக்கு ஆறு உறுப்புகள் சொல்கிறது: பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம். காலை நடைக்கும் இந்த ஆறும் உண்டு. பகுதி என்பது காபி. வினைப் பகுதி ஏவலாக நிற்கும் என்பது இலக்கணம்; நடையர் வீட்டில் விடியற்காலை ஐந்தேகாலுக்குக் ‘காபி!’ என்ற ஒற்றைச் சொல்லும் ஏவலாகவே ஒலிக்கிறது. விகுதி வடை. எண்ணை உணர்த்துவது விகுதியின் வேலை. இங்கே பெரும்பாலும் இரண்டு. இடைநிலை காலம் காட்டும். ஆகவே நடைதான் இடைநிலை, கையில் கட்டியிருக்கும் கடிகாரம் அதற்குச் சான்று. பூங்கா வாசலில் நாலு பேர் கூடி நிற்பது சந்தி. தனக்கெனப் பொருள் இல்லாமல் இடையில் வந்து சேரும் சாம்பாரும் சட்னியும் சாரியை. விகாரம் இடுப்பைச் சுற்றி மெல்ல மெல்ல ஏற்படும். அதற்கு மட்டும் ஆண்டுகள் பிடிக்கும்.

முன்னுண்ணல் பற்றி நடையரிடையே நான்கு மரபுகள் உள்ளன. வெறுவயிற்றார் பல்கூடத் தேய்க்காமல் கிளம்புவர். வெந்நீரார் எலுமிச்சம்பழமும் தேனும் கலந்து குடிப்பர். காபியார் பெரும்பான்மையினர். பழத்தார் பேரப்பிள்ளையின் டப்பாவுக்கென்று வைத்திருக்கும் பழத்தில் ஒன்றைத் தின்றுவிட்டு வருவர். வீட்டில் இது வேறு பெயரால் அழைக்கப்படும்.

நால்வருக்கும் பொதுவாக உடல் சொல்லும் கணக்கு எளிமையானது. மனிதன் தின்ற மாவுச்சத்தில் ஒரு பகுதி கிளைகோஜன் என்ற பெயரில் உடம்பிலேயே சேமிப்பாக இருக்கிறது. தசைகளில் ஏறக்குறைய 400 கிராம், கல்லீரலில் 100 கிராம். ஒரு கிராமுக்கு 4 கிலோகலோரி வீதம் மொத்தம் 2,000 கிலோகலோரி. இரவுத் தூக்கத்தில் கல்லீரல் பங்கு கரைந்தாலும் தசைப் பங்கு அப்படியே கிடக்கும். எழுபது கிலோ எடையுள்ள நடையர் நான்கு கிலோமீட்டர் நடந்தால் செலவாவது சுமார் 200. இதற்காக முன்கூட்டியே ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போவது, தெருமுனைக் கடைக்குக் கிளம்பும்போது காசி யாத்திரைக்கான கட்டுச்சோறு கட்டுவதற்கு ஒப்பாகும். மாரத்தான் ஓடுபவர் கதை வேறு. ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் விடாமல் ஓடுகிறவருக்குச் சேமிப்பு வற்றத் தொடங்கும். அவர் இரண்டு மூன்று மணி நேரம் முன்னதாக இட்லியோ சோறோ சாப்பிட்டுச் செரிக்க விட்டு ஓடவேண்டும்.

வெறும் வயிற்றில் நடந்தால் கொழுப்புக் கரையும் என்பது வெறுவயிற்றாரின் மூல மந்திரம். நடக்கும் அந்த நேரத்தில் உடல் கொழுப்பைச் சற்று அதிக விகிதத்தில் எரிப்பது உண்மையே. ஆனால் நாள் முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் வித்தியாசம் நிற்பதில்லை; பசியோடு திரும்பியவர் எட்டரை மணிக்கு அதை நேர்செய்து விடுகிறார். வெந்நீராரின் தேனும் கொழுப்பைத் தொடுவதில்லை. ஒரு மேசைக்கரண்டித் தேனில் 60 கிலோகலோரி இருக்கிறது. கரைக்கப் போன இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது மிச்சம்.

காபியாரின் நிலை அறிவியலுக்குச் சற்று நெருக்கமானது. காஃபீன் களைப்பை மட்டுப்படுத்தி உடற்பயிற்சியை நீட்டிக்க உதவும் என்பது நன்கு நிறுவப்பட்ட செய்தி. உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை 2004இல் அதைத் தடைப்பட்டியலிலிருந்து நீக்கியும் விட்டது. ஆகவே டிகிரி காபி குடித்துவிட்டு மெரினாவில் நடப்பவர் எந்த விதியையும் மீறியவர் ஆகார். சிக்கல் அளவில்தான். பயன் தெரிய உடல் எடையில் கிலோவுக்கு 3 மில்லிகிராமாவது வேண்டும் என்பது வழக்கமான கணக்கு. எழுபது கிலோவுக்கு 210. நூற்றைம்பது மில்லி காபியில் 80 முதல் 120 மில்லிகிராம் வரை இருக்கலாம் என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் உணவு வழிகாட்டி சொல்கிறது. அதாவது ஒரு டம்ளர் போதாது. இரண்டாவது டம்ளர் கேட்க நடையருக்கு அறிவியல் ஆதரவு உண்டு, வீட்டில் ஆதரவு இல்லை. தூளில் கலந்திருக்கும் சிக்கரியில் காஃபீன் கிடையாது என்பதையும் கழித்துக்கொள்ள வேண்டும். மேலும் குடித்த காஃபீன் இரத்தத்தில் உச்சத்தை எட்ட அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் ஆகும். டபராவில் இரண்டு ஆற்று ஆற்றி, நின்றபடியே குடித்து, செருப்பை மாட்டுபவருக்கு அதன் வேகம் வந்து சேரும்போது அவர் வடைக் கடை வரிசையில் நின்றுகொண்டிருப்பார். வரிசையில் அவர் காட்டும் சுறுசுறுப்புக்கு இதுவே காரணமாகலாம்.

இன்சுலின் போட்டுக்கொள்பவரும், சர்க்கரையைச் சட்டென்று இறக்கும் சில மாத்திரைகளை எடுப்பவரும் இந்த நான்கு மரபிலும் அடங்கமாட்டார்கள். அவர்கள் வெறும் வயிற்றோடு வேக நடை போட்டால் சர்க்கரை தாழ்ந்து வியர்த்து நடுங்கக்கூடும். மருத்துவரைக் கேட்டு இரண்டு பிஸ்கட்டாவது சாப்பிட்டுக் கிளம்புவதும், சட்டைப் பையில் குளுக்கோஸ் அல்லது சர்க்கரைப் பொட்டலம் வைத்திருப்பதும் அவசியம். இந்த ஒரு பத்தியில் வேடிக்கை கிடையாது.

நடக்கும்போது உண்ணுவது எதுவும் இல்லை, பேச்சுத்தான். பேச முடிகிறது, பாட முடியவில்லை என்றால் அது மிதமான உடற்பயிற்சி என்று மருத்துவர்கள் ஒரு சோதனை வைத்திருக்கிறார்கள். அகவிலைப்படி நிலுவை, அமெரிக்காவில் இருக்கும் மகளின் விசா, அடுக்குமாடிச் சங்கத் தேர்தல் ஆகியவற்றை மூச்சு வாங்காமல் மூன்று ரவுண்டு பேசுபவர் இதில் தேறிவிடுகிறார். காம்போதியை ஆலாபனை செய்துகொண்டே போகும் சிலர் தேறுவதில்லை.

தண்ணீர் பற்றிச் சுருக்கமாகச் சொன்னால் போதும். கிளம்புமுன் ஒரு டம்ளர், வந்தபின் தாகத்துக்கு ஏற்ப. சென்னைக் காற்றின் ஈரப்பதத்தில் வியர்வை எளிதில் உலர்வதில்லை. சட்டை நனையும், உடம்பு குளிராது. மே மாதத்தில் இன்னொரு டம்ளர் கூட்டிக்கொள்ளலாம். துல்லியம் வேண்டுவோர் போகுமுன்னும் வந்தபின்னும் எடை பார்த்து, குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் ஒன்றேகால் முதல் ஒன்றரை லிட்டர் குடிக்க வேண்டும். இப்படிக் குறைந்தது முழுக்கத் தண்ணீர்தான் என்பதை எடை பார்க்கும் மேடையில் நின்று புன்னகைப்பவரிடம் சொல்வதில் பயனில்லை. வண்ண வண்ணப் புட்டிகளில் வரும் விளையாட்டுப் பானம், 1965இல் ஃபுளோரிடாப் பல்கலைக்கழகத்தில் ராபர்ட் கேட் குழுவினர் வெயிலில் மணிக்கணக்காக மோதிக்கொள்ளும் அமெரிக்கக் கால்பந்து வீரர்களுக்காகச் செய்தது. யாரையும் மோதாமல் முக்கால் மணி நேரம் நடப்பவருக்கு உப்புப் போட்ட நீர்மோர் தாராளம்.

பின்னுண்ணல் பூங்கா வாசலில் தொடங்குகிறது. எவர்சில்வர் தூக்குகளில் அருகம்புல் சாறு, வாழைத்தண்டுச் சாறு, முடக்கத்தான் சூப், கம்பங்கூழ். பக்கத்துத் தட்டில் முளைகட்டிய பயறு. இவற்றை வாங்குவோர் முகத்தைச் சற்றே சுளித்து ஒரே மூச்சில் குடிப்பர். சுளிப்பு இதன் இன்றியமையாத அங்கம். இனிக்கும் அருகம்புல் சாற்றுக்கு வாடிக்கை இராது. குடித்து முடித்தவர் வாயைத் துடைத்துக்கொண்டு சாலையைக் கடப்பார். எதிர்ப்புறம் வடைக் கடை. பிராயச்சித்தம் முதலில், பாவம் பிறகு என்ற இந்த வரிசை வேறு எந்தச் சமயத்திலும் காணப்படாதது.

வடைக் கடையில் நடப்பது நுணுகிப் பார்க்கத் தக்கது. வாணலியிலிருந்து கரண்டியில் அள்ளிய வடைகள் துளைத்தட்டில் விழும். நடையர் அதில் விளிம்பு சிவந்ததாகப் பார்த்து ஒன்றைச் சுட்டுவார். கைக்கு வந்ததும் காகிதத்தின் நடுவில் வைத்து, நான்கு பக்கமும் மடித்து, இரு உள்ளங்கைகளாலும் ஒரு அழுத்து. காகிதத்தில் எண்ணெய் வட்டம் பரவும். அந்த வட்டத்தை அருகில் நிற்பவரிடம் காட்டி, ‘பாருங்க சார், எவ்வளவு எண்ணெய்!’ என்பார். காகிதத்துக்குப் போனது மேலாக ஒட்டியிருந்தது மட்டுமே. உள்ளே போனது உள்ளேதான் இருக்கிறது. அழுத்தும் காகிதம் பெரும்பாலும் செய்தித்தாள். அச்சு மை உணவில் சேரும் என்பதால் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016இலேயே இதைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. எண்ணெயை வெளியேற்றப் போய் ஏட்டை உள்ளேற்றுவதாயிற்று.

இனி ஈட்டுக் கொள்கை. ‘ஈடு’ என்ற சொல்லுக்குத் தமிழில் ஒரு தடவை சுட்டெடுக்கும் பலகார அளவு என்றும் பொருள், இழப்புக்குச் செய்யும் நேர் என்றும் பொருள். வைணவ உரைகளில் மிகப் பெரியதாகப் போற்றப்படும் ஒன்றுக்கும் அதே பெயர். நடையர் மூன்றையும் சேர்த்தே பயன்படுத்துகிறார்: ஓர் ஈடு வடையை நடையால் ஈடுகட்டிவிட்டதாக நீண்ட உரை செய்வார். ‘ரெண்டு ரவுண்டு எக்ஸ்ட்ரா போயிருக்கோம் சார், ஒண்ணு தாங்கும்’ என்பது அதன் முதல் வாக்கியம்.

தாங்குமா என்பது கூட்டல் கழித்தல். நான்கு கிலோமீட்டருக்குச் செலவான 200இல், அதே முக்கால் மணி நேரம் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாலும் செலவாகியிருக்கும் 50ஐக் கழித்தால் நடையின் சொந்தச் சம்பாத்தியம் 150. கையளவு மெதுவடை ஒன்று 120 முதல் 150 வரை. ஆக, ஒரு வடை தாங்கும். இரண்டாவது வடை கடன். சர்க்கரை போட்ட காபி வட்டி. எண்ணெய் சரியாகக் காயுமுன் போட்ட முதல் ஈடு எண்ணெயை அதிகம் குடிக்கும். கொழுப்பு கிராமுக்கு 9 கிலோகலோரி என்பதால் அது கந்துவட்டி. பத்தாயிரம் அடி நடந்தேன் என்று கைக்கடிகாரத்தைக் காட்டுபவரின் வாதமும் செல்லாது. அந்த எண் 1965இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து பிறந்தது. ‘மான்போ-கெய்’ என்றால் பத்தாயிர அடி அளவி. அதைச் செய்தவர்கள் வடையைக் கணக்கில் எடுக்கவில்லை.

ஜிம்முக்குப் போகும் இளைஞர்கள் தனி இனம். அவர்கள் பின்னுண்ணல் முழுவதும் புரதத்தைச் சுற்றியது. எடை தூக்கியபின் தசை வளர ஒரு வேளைக்கு 20 கிராம் புரதம் போதுமானது. அரை மணிக்குள் விழுங்காவிட்டால் தசை கோபித்துக்கொள்ளும் என்ற அச்சத்துக்கு ஆதாரம் பலமில்லை. இரண்டு மூன்று மணி நேரத்துக்குள் உண்ணும் வழக்கமான சாப்பாடே ஆகும். மூன்று முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல் என்றால் கணக்குச் சரி. மாலையில் மெரினாவில் விற்கும் தேங்காய் மாங்காய் பட்டாணிச் சுண்டலையும் இந்த வகையில் சேர்க்கலாம், பொட்டலம் சிறிது என்பதை மறக்காமல். பழைய உடற்பயிற்சிக் கூடங்களில் முட்டையை உடைத்துப் பச்சையாக வாயில் ஊற்றிக்கொள்வது வீரமாகக் கருதப்பட்டது. பச்சை முட்டையின் புரதத்தில் பாதிதான் உடம்பில் சேரும், வேகவைத்ததில் 90 விழுக்காடு சேரும். வீரத்துக்குப் பாதி முட்டை செலவு.

தீர்ப்பு இது: ஒரு மணி நேரத்துக்கு உட்பட்ட நடைக்கு முன்னால் தண்ணீர், பின்னால் தண்ணீர், அதன் பிறகு வழக்கமான நேரத்தில் வழக்கமான இட்லி. காபி குடித்தால் குற்றமில்லை. வடையை நீக்கலாமா என்றால், நீக்கினால் நடையரில் எத்தனை பேர் மறுநாள் வருவார்கள் என்பதையும் யோசிக்க வேண்டியிருக்கிறது. விகுதி இல்லாமல் வினைமுற்று இல்லை. ஆகவே ஒன்று.

பூங்கா வாசல் கடைகளில் கடைசி ஈடு ஏழே முக்காலுக்கு இறங்கிவிடும். எட்டு மணிக்கு மேல் வருகிறவருக்கு நெய்ப் பொங்கல்தான் மீந்திருக்கும்; அதன் கணக்கு வடையைப் போல இரண்டு மடங்கு.